கனமான சரக்குக்கு ஸ்டீல் பட்டை போடுவது எப்படி: பீன்யா ஷெட்டிலிருந்து கன்டெய்னர் வரை

ஸ்டீல் பட்டையின் பலம் எல்லோருக்கும் தெரியும். அதன் பலவீனத்தைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை: அது அநேகமாக நீளவே நீளாது.

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள் பக்கம் பேக்கிங்கிலும் டிஸ்பாட்ச்சிலும் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்திலிருந்து வந்து இந்த வேலையைக் கையாலேயே கற்றுக்கொண்டவர்கள். அவர்களில் பலருக்கும் பழக்கமான புகார் ஒன்று உண்டு. ஷெட்டில் தட்டிப் பார்த்தால் கணீர் என்று சத்தம் வரும் அளவுக்கு இறுக்கி அனுப்பியிருப்பார்கள். வெளிநாட்டில் கன்டெய்னரைத் திறந்த வாடிக்கையாளர் அனுப்பும் போட்டோவிலோ பட்டை தொளதொளவென்று தொங்கும். அறுந்திருக்காது, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பும் கழன்றிருக்காது. அப்புறம் எப்படித் தளர்ந்தது?

கணக்குப் போட்டால் புரியும். 19 மி.மீ. அகலமும் 0.8 மி.மீ. தடிமனும் உள்ள பட்டையை 400 கிலோ இழுவையில் கட்டினால், மீட்டருக்குச் சுமார் 1.3 மி.மீ. நீளும். சரக்கைச் சுற்றி 4 மீட்டர் போகிறது என்றால் மொத்தம் 5 மி.மீ. சொச்சம். பட்டையின் பிடி முழுவதும் அந்த 5 மி.மீட்டரில்தான் இருக்கிறது. அடியில் இருக்கும் மரம் காய்ந்து உயரத்தில் இரண்டரை மி.மீ. குறைந்தாலே, இரண்டு பக்கமும் சேர்த்து 5 மி.மீ. போய்விடும். பட்டை பார்வைக்கு அப்படியே இருக்கும், இழுவை மட்டும் பூஜ்யமாகிவிடும்.

ஆகவே பட்டையை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைவிட, அதற்கு அடியில் இருப்பது எவ்வளவு சுருங்காமல், அமுங்காமல் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. கீழே சொல்லப் போகிற பாதி விஷயங்கள் பட்டையைப் பற்றியே இருக்காது. மரத்தையும் மூலையையும் பற்றித்தான் இருக்கும்.

எதற்கு ஸ்டீல், எதற்கு வேண்டாம்

கெட்டியான, அமுங்காத, கனமான சரக்குக்கு ஸ்டீல் பட்டை. இரும்புக் கம்பிக் கட்டு, குழாய், ஷீட் அடுக்கு, காயில் (தகட்டுச் சுருள்), வார்ப்படம், ஸ்கிட் என்ற அடிச்சட்டத்தில் ஏற்றிய இயந்திரம் போன்றவை. சூடாக இருக்கும் பொருளுக்கும், ஓரம் கூர்மையான பொருளுக்கும் வேறு வழியும் இல்லை.

அட்டைப் பெட்டி, மூட்டை, நாள் போகப் போக அமுங்கும் பொருள் என்றால் பாலியெஸ்டர் பட்டைதான் சரி. பெட் பட்டை என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அது நன்றாக நீண்டு, சரக்கு கொஞ்சம் சுருங்கினாலும் பின்தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். "ஸ்டீல் போட்டால்தான் கெத்து" என்று எல்லாவற்றுக்கும் ஸ்டீலையே சுற்றுகிற ஷெட்களும் உண்டு. காசும் வீண், பிடியும் நிற்காது.

இன்னொன்று: பட்டை, சரக்கை ஒரே கட்டாக்கும், ஸ்கிட்டோடு சேர்த்து வைக்கும். லாரி பிரேக் போடும்போது முன்னால் ஓடாமல் தடுக்கிற வேலையை அதன் தலையில் மட்டும் கட்டக் கூடாது. அதற்குக் கட்டை முட்டு, போல்ட், ரப்பர் விரிப்பு என்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கிரேன் கொக்கியைப் பட்டையில் மாட்டித் தூக்குவது பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: எந்த அவசரத்திலும் கூடாது. தூக்குவதற்கான பொருள் அல்ல அது.

பட்டை வாங்கும்போது

நம் ஊரில் அதிகம் புழங்கும் அகலங்கள் 13, 16, 19, 32 மி.மீ. தடிமன் 0.5 மி.மீட்டரில் ஆரம்பித்து 1 மி.மீ. வரை. தரம் இரண்டு வகை: சாதாரணத் தரம், அதிக இழுவை தாங்கும் ஹை டென்சைல் தரம். சாதாரணத் தரம் சின்னப் பெட்டிகளுக்கும் அசைவில்லாத சரக்குக்கும் போதும். ஏற்றி இறக்கும் அடி, நீண்ட பயணம், டன் கணக்கில் எடை என்று வந்தால் ஹை டென்சைல் வாங்குங்கள். அது அடி வாங்கினாலும் உடனே அறுந்துவிடாமல் கொஞ்சம் இழுபட்டுத் தாங்கும். இந்தப் பட்டைக்கென்று ஐஎஸ் 5872 என்ற இந்தியத் தரநிலையே இருக்கிறது. பில்லோடு சோதனைச் சான்றிதழும் கேளுங்கள்.

அறுபடும் பலத்தை நீங்களே தோராயமாகக் கணக்கிடலாம். அகலத்தையும் தடிமனையும் பெருக்குங்கள். வருவதை, சான்றிதழில் ஒரு சதுர மி.மீட்டருக்குப் போட்டிருக்கும் பலத்தால் பெருக்குங்கள். 19-க்கு 0.5 (அகலம் 19, தடிமன் 0.5 மி.மீ.) சாதாரணப் பட்டையின் பலம் சதுர மி.மீட்டருக்கு 700 நியூட்டன் என்றால் மொத்தம் 6,650 நியூட்டன், அதாவது 680 கிலோ அளவு. 19-க்கு 0.8 ஹை டென்சைல் 900 நியூட்டன் என்றால் 1,400 கிலோவுக்குக் கிட்டே. 32-க்கு 0.8 அதே தரத்தில் 2,350 கிலோ. ஆனால் கட்டியபின் அறுபடும் இடம் பட்டை அல்ல, கிளிப் போட்ட இணைப்பு. அங்கே முக்கால் பங்குதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,400 என்பது அப்போதே 1,050 ஆகிவிடும். அதிலும் பாதியைத்தான் நம்பிக் கணக்குப் போட வேண்டும்.

பட்டை கிலோ கணக்கில் விற்கிறது, நமக்குத் தேவையோ மீட்டர் கணக்கில். 19-க்கு 0.5 என்றால் ஒரு கிலோவுக்கு 13 மீட்டர் சொச்சம் வரும். 19-க்கு 0.8 என்றால் எட்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 32-க்கு 0.8 என்றால் 5 மீட்டர். வந்த சரக்கை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். 0.8 என்று பில் போட்டு 0.7 வருவது அதிசயமே இல்லை. மீட்டர் கூட வருகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், எட்டில் ஒரு பங்கு பலம் போய்விட்டது என்று அர்த்தம்.

மேற்பூச்சு விஷயத்தில் உள்ளூர் லோடுக்குக் கறுப்பு பெயின்ட் பட்டை போதும். கடல் தாண்டுவதற்கு ஜிங்க் பூச்சு உள்ளதை எடுங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றில் ஈரம் குறைவு. அதே கன்டெய்னர் சென்னைத் துறைமுக யார்டில் சில நாள் நின்றாலே கதை மாறிவிடும். அப்புறம் கடலில் பகல் சூடும் இரவுக் குளிருமாக உள்ளே வியர்த்துக் கொட்டும். பட்டை துருப்பிடித்தால் பட்டைக்கு மட்டும் நஷ்டமில்லை, துரு ஒழுகி மெஷின் செய்த பரப்பில் கறை பிடிக்கும்.

கிளிப்பும் கருவியும்

ஒரு செட்டில் மூன்று கருவிகள்: பட்டையை இழுக்கும் டென்ஷனர், கிளிப்பை அமுக்கும் சீலர், வெட்டும் கத்திரி. மூன்றும் சேர்ந்த கருவியும் உண்டு. அதில் சிலது கிளிப்பே இல்லாமல் பட்டையின் இரண்டு அடுக்கிலும் பூட்டு மாதிரி வெட்டிக் கோத்துவிடும். ஒரே அளவுப் பெட்டிகள் நிறையப் போகிற இடத்துக்கு அது வசதி. எடை அதிகமான, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான சரக்குக்குத் தனித்தனிக் கருவியும் கிளிப்பும்தான் என் சிபாரிசு.

டென்ஷனர் வாங்கும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இதில் இரண்டு இனம். ஒன்றில் தட்டையான பாதம் இருக்கும். அது பட்டைக்கும் சரக்குக்கும் நடுவே உட்கார்ந்து பட்டையை இழுக்கும், கிளிப் அமுக்கியபின் அதை உருவி எடுக்க வேண்டும். பெட்டி, ஷீட் அடுக்கு போன்ற தட்டையான பரப்புக்கு இது. இன்னொன்று கிளிப்பின் மேலேயே முட்டுக் கொடுத்து இழுக்கும். அடியில் எதுவும் நுழையாது. குழாய், கம்பிக் கட்டு, காயில் போன்ற உருண்டைச் சரக்குக்கு இது. உருண்டைச் சரக்கில் பாதம் உள்ளதைப் போட்டால், உருவும்போது அந்த இடைவெளி அளவுக்குப் பட்டை தளரும். முன்னே பார்த்த 5 மி.மீ. கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள், பாதத்தின் தடிமனிலேயே பாதிப் பிடி போய்விடும்.

கிளிப்பில் திறந்த வகையைப் பட்டை இழுத்த பிறகும் மேலிருந்து மாட்டலாம். மூடிய வகையை முதலிலேயே கோத்துக்கொள்ள வேண்டும். முட்டுக் கொடுத்து இழுக்கும் டென்ஷனருக்கு மூடிய வகைதான் வேண்டும். சீலரிலும் இரண்டு உண்டு: ஓரத்தை வெட்டி மடக்குவது, வெட்டாமல் அலை அலையாக நெளிப்பது. நெளிக்கும் இணைப்பு உராய்வை நம்பி நிற்கிறது, ஆகவே பட்டையில் எண்ணெய் இருந்தால் வழுக்கும். வெட்டி மடக்குவது அந்த அளவுக்குக் கோபித்துக்கொள்ளாது.

பட்டை, கிளிப், சீலர் மூன்றும் ஒரே அகலத்துக்கானதாக, அந்தத் தடிமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெங்களூரில் எதற்கும் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்று சொல்லி ஒப்பேற்றலாம். 19 மி.மீ. கிளிப்பில் 16 மி.மீ. பட்டையை மட்டும் ஒப்பேற்ற முடியாது.

முதலில் மரம்

ஸ்கிட்டுக்கோ பெட்டிக்கோ வரும் மரம் பச்சையாக இருந்தால், மேலே என்ன பட்டை போட்டாலும் வீண். மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். 100 மி.மீ. உயரமுள்ள பச்சைக் கட்டை 4 சதவீதம் சுருங்கினால் 4 மி.மீ. போச்சு. ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், பெரிய விலை இல்லை. 20 சதவீதத்துக்குக் கீழே காட்டும் மரத்தைத்தான் பட்டையின் அடியில் விடுங்கள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழையில் வெளியே அடுக்கி வைத்த மரம் என்றால் இன்னும் உஷார்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. ஏற்றுமதி மரத்துக்கு ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி உண்டு. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் தொடர்ந்து இருக்க வேண்டும், அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் முத்திரையும் ஹெச்டி (சூடேற்றியது) என்ற எழுத்தும் விழும். அந்த முத்திரை இருந்தால் மரம் காய்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சூடு பூச்சியைக் கொல்வதற்கு. மரத்தை உலர்த்துவதற்கு அல்ல. முத்திரை பளிச்சென்று இருக்கும், மீட்டரை வைத்தால் 35 காட்டும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஸ்கிட்டில் பட்டை எங்கே ஓடப் போகிறது என்பதை ஆசாரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஓடுகட்டைக்கு (ஸ்கிட்டின் அடியில் தரையைத் தொடும் கட்டை) அடியில் நேராகப் போனால் தரையில் தேய்ந்து அறும். கட்டையில் பட்டை அகலத்துக்குப் பள்ளம் எடுத்து அதற்குள் ஓட விடுங்கள், அல்லது ஓடுகட்டைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே விடுங்கள். ஃபோர்க்லிஃப்ட் பல் நுழையும் வாயிலிலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும்.

மூலைக் காப்பு இல்லாமல் ஒரு பட்டையும் போடாதீர்கள். அது சரக்கைக் காப்பாற்றவும், பட்டை மடிந்து விரிசல் விடாமல் காக்கவும் மட்டுமல்ல. மரப்பெட்டியின் மூலையில் பட்டை நேரடியாகப் பதிந்தால், லாரி குலுங்கக் குலுங்க இன்னும் உள்ளே பதிந்துகொண்டே போகும். பதியப் பதியத் தளரும். வளைந்த தகடு ஒன்றை வைத்தால் அழுத்தம் பரவி, பதிவது குறையும்.

பட்டை போடும் வரிசை

கண்ணாடி, வெட்டுப்படாத கையுறை, பாதுகாப்பு ஷூ மூன்றும் முதலில். பட்டையின் ஓரம் பிளேடு. புதுப் பட்டைச் சுருளைக் கட்டியிருப்பதை வெட்டும்போது சுருள் விரிந்து எகிறும். பக்கத்தில் நின்று வெட்டுங்கள், சுருளை உடனே ஸ்டாண்டில் மாட்டுங்கள்.

பட்டையைச் சரக்கைச் சுற்றி எடுத்து வாருங்கள். நேராக, செங்குத்தாக ஓட வேண்டும். சாய்வாக ஓடும் பட்டை, பயணத்தில் குலுங்கும்போது குறுக்கு வழி தேடி நேராக நகர்ந்துவிடும். நேரானதும் நீளம் மிச்சமாகும், அதாவது தளர்ந்துவிடும். முறுக்கு விழுந்திருக்கிறதா என்று அடிப்பக்கம் குனிந்து பாருங்கள். அடியில் யாரும் பார்ப்பதில்லை, முறுக்கு அங்கேதான் இருக்கும்.

மூடிய கிளிப் என்றால் பட்டையின் நுனியைக் கிளிப்பில் நுழைத்து, நுனியைப் பின்னால் மடக்கிக் கிளிப்புக்கு அடியில் விடுங்கள். சுற்றி வரும் மறுமுனை அதே கிளிப்புக்குள் மேலடுக்காக வரும்.

இணைப்பு எங்கே விழ வேண்டும்? இதை யோசித்து முடிவு செய்ய வேண்டும். பட்டை ஒவ்வொரு மூலையைத் திரும்பும்போதும் உராய்வால் இழுவையை இழக்கிறது, தகட்டு மூலையில் தோராயமாகக் கால் பங்கு. டென்ஷனரை ஒரு பக்கவாட்டில் வைத்து இழுத்தால், அந்தப் பக்கம் 400 கிலோ இருக்கும்போது இரண்டு மூலை தாண்டிய எதிர்ப்பக்கம் 225 கிலோ அளவுதான் இருக்கும். மேல்பரப்பின் நடுவில் வைத்து இழுத்தால் இரண்டு பக்கமும் ஒரே ஒரு மூலைதான், இரண்டிலும் 300. ஆகவே மேல் நடுவில் வையுங்கள். அது முடியாத சரக்கு என்றால் முதல் பட்டைக்கு இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி இழுங்கள். இழுக்கும்போது மூலைகளை மர மல்லட்டால் தட்டிக் கொடுத்தால் பட்டை வழுக்கி ஓரளவு சமமாகும்.

டென்ஷனரின் கைப்பிடியைக் கையால் மட்டும் இழுங்கள். குழாய் சொருகி நீட்டி இழுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அறுந்தால் பட்டை வீசும் திசையில் உங்கள் முகம்தான் இருக்கும். எப்போதும் பட்டையின் ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், நேர்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள். மரத்தில் மூலைத் தகடு பதியத் தொடங்கினால் அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்குவது மரத்தை நசுக்கத்தான்.

கிளிப்பை அமுக்கும்போது சீலரின் கைப்பிடி கடைசி வரை போக வேண்டும். பாதியில் நின்ற அமுக்கல், இணைப்பே இல்லை. 32 மி.மீ. பட்டைக்கும் ஏற்றி இறக்கல் அதிகமுள்ள சரக்குக்கும் இரண்டு கிளிப்பை அடுத்தடுத்துப் போடுங்கள். பிறகு மிச்சத்தை வெட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை உள்ளே மடக்குங்கள்.

இனி கண்ணால் சோதனை. வெட்டு ஓரங்கள் இரண்டு பக்கமும் ஒரே ஆழமா, இரண்டு அடுக்கும் வெட்டுப்பட்டிருக்கிறதா, கிளிப் நேராக உட்கார்ந்திருக்கிறதா, கிளிப்பில் விரிசல் உண்டா? வெட்டு மங்கலாகத் தெரிந்தால் சீலரின் தாடை தேய்ந்துவிட்டது. டென்ஷனரின் பல்சக்கரத்தில் பெயின்டும் மெழுகும் அடைத்துக்கொண்டால் பட்டை வழுக்கும். கம்பி பிரஷ்ஷால் அவ்வப்போது தேய்த்து எடுங்கள்.

நேரம் இருந்தால் கட்டிய சரக்கை ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் ஒவ்வொரு பட்டையையும் தட்டிப் பாருங்கள். தளர்ந்ததை மறுபடி இழுக்க முடியாது; வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். "அண்ணே, வண்டி வந்து நிக்குது" என்று கேட்டில் இருந்து குரல் வரும்போது இதெல்லாம் நடக்காது. ஆகவே கட்டும் நாளும் ஏற்றும் நாளும் வேறாக இருக்கும்படி டிஸ்பாட்ச் திட்டத்தையே போட்டுவிடுவது நல்லது.

எத்தனை பட்டை: 2 டன் வார்ப்படத்துக்கு ஒரு கணக்கு

கன்டெய்னரில் சரக்கு ஏற்றுவதற்கு ஐ.நா. அமைப்புகள் மூன்று சேர்ந்து 2014-ல் வெளியிட்ட சிடியு (சரக்குப் போக்குவரத்து அலகு) விதித்தொகுப்பு இருக்கிறது. அதன்படி சாலையில் பிரேக் போடும்போது சரக்கின் எடையில் 0.8 மடங்கு முன்னால் தள்ளும். பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 மடங்கு. அலை மோசமான கடலில் இது மாறிப் பக்கவாட்டில் 0.8 மடங்கு ஆகிவிடும். ஆகவே "முன்னால் நன்றாக முட்டுக் கொடுத்தாச்சு, போதும்" என்பது சென்னை வரைக்கும்தான். தூத்துக்குடி வழியாகப் போகிற லோடு தொப்பூர் கணவாயில் இறங்கும். அங்கே பிரேக் எப்படி விழும் என்று டிரைவர்களைக் கேளுங்கள்.

இப்போது 2 டன் வார்ப்படம், மர ஸ்கிட்டின் மேல். தள்ளும் விசை 2-ஐ 0.8-ஆல் பெருக்க 1.6 டன். இரும்புக்கும் மரத்துக்கும் உராய்வு 0.3 என்று கறாராக வைத்தால், சொந்த எடையே 0.6 டன்னைப் பிடித்துக்கொள்ளும். மீதி 1 டன்.

மேலே போடும் ஒரு பட்டை, பக்கத்துக்கு 300 கிலோவாக மொத்தம் 600 கிலோ கீழே அமுக்கும். உராய்வு 0.3 என்பதால் அதிலிருந்து கிடைக்கும் பிடி 180 கிலோ மட்டுமே. 1 டன்னுக்கு ஆறு பட்டை வேண்டும், அதுவும் ஆறும் கடைசி வரை தளராமல் இருந்தால். அதே இடத்தில் அடியில் ரப்பர் விரிப்பு போட்டு உராய்வை 0.6 ஆக்குங்கள். சொந்த எடையே 1.2 டன்னைப் பிடிக்கும். மீதி 400 கிலோதான். ஒரு பட்டை இப்போது 360 கிலோ பிடிப்பதால் இரண்டு பட்டை போதும். இன்னும் நல்லது, வார்ப்படத்தில் துளை இருந்தால் ஸ்கிட்டோடு போல்ட் போட்டு, நாலு பக்கமும் கட்டை முட்டு அடித்துவிட்டு, பட்டையை மேலே எழும்பாமல் இருப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது. பட்டையைக் கூட்டிக்கொண்டே போவது இந்த வேலையில் மிகவும் சோம்பேறித்தனமான தீர்வு என்பது என் கருத்து.

கம்பி, குழாய், காயில்

கம்பிக் கட்டும் குழாய்க் கட்டும் ஒன்றுக்கொன்று இடுக்கில் உட்கார்ந்து அறுகோணமாக அமைந்தால்தான் நிற்கும். உள்ளே ஒன்று குறுக்கே கிடந்தால் பயணத்தில் அது இடம் பார்த்து உட்காரும், கட்டு முழுவதும் தளரும். ஆகவே முதலில் தற்காலிகமாகச் சங்கிலியால் நெருக்கி, உருட்டித் தட்டி உட்கார வைத்துவிட்டுப் பட்டையைப் போடுங்கள். 6 மீட்டர் கம்பிக்குக் குறைந்தது நான்கு இடம், நுனியிலிருந்து அரை மீட்டருக்குள் முதல் பட்டை. எண்ணெய் பூசிய மெல்லிய கம்பி என்றால் ஒரே இடத்தில் பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டலாம், நடுவிலிருந்து ஒன்று நழுவாது. நுனியில் பலகையோ தகடோ வைத்து மூடாவிட்டால், கம்பி கட்டுக்குள்ளேயே ஊர்ந்து கன்டெய்னர் சுவரைக் குத்தும்.

காயிலுக்குச் சுற்றளவைச் சுற்றியும், கண் எனப்படும் நடுத்துளை வழியாக உள்ளே நுழைத்தும் இரண்டு விதமாகவும் போட வேண்டும். கண்ணின் உள்விளிம்பில் காப்புத் தகடு கட்டாயம்.

கன்டெய்னருக்குள்

கன்டெய்னர் தரை பலகை மாதிரி தெரிந்தாலும், பாரத்தைத் தாங்குவது அதற்கு அடியில் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டங்கள். சின்ன அடிப்பரப்புள்ள கனமான மெஷினை நேராக வைத்தால் இரண்டு மூன்று சட்டங்கள் மட்டும் மொத்தப் பாரத்தையும் வாங்கும். நீளவாக்கில் தடித்த கட்டைகளைப் போட்டு அதன்மேல் ஏற்றினால் பாரம் பல சட்டங்களுக்குப் பரவும்.

தரையில் இருக்கும் கட்டுவளையம் ஒவ்வொன்றும் குறைந்தது 1,000 கிலோவுக்கு, மேலே உள்ளது 500 கிலோவுக்கு என்பதுதான் ஐஎஸ்ஓ தரநிலை. 2,350 கிலோ பட்டையை அதில் மாட்டினாலும் பிடி வளையத்தின் அளவுதான். சின்ன வளையத்தில் ஸ்டீல் பட்டை கூர்மையாக மடிவதால் அங்கேயே விரிசல் விடும். உள்ளே கட்டுவதற்கு பாலியெஸ்டர் லாஷிங் பெல்ட் எடுங்கள். ஸ்டீல் பட்டை ஸ்கிட் வரைக்கும் போதும். சரக்குக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கட்டையால் அடைத்துவிடுங்கள். கதவுப் பக்கத்தை மறக்கிறவர்கள் அதிகம். கதவில் சாய்ந்தபடி போன சரக்கு, திறப்பவர் மேல் விழும்.

2016 ஜூலை 1 முதல் கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு நிரப்பிய கன்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்க வேண்டும். கூட்டிப் போடும் முறையில் கணக்கிடுகிறீர்கள் என்றால் மரம், கட்டை, பட்டை எல்லாமும் அதில் சேரும். ஸ்கிட் மரமே நூறு கிலோவைத் தாண்டும் லோடுகள் உண்டு.

வெட்டும்போது

கட்டுவதைவிட வெட்டுவதில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் வெட்டுகிறவர் கட்டும்போது அங்கே இல்லை. உள்ளே எவ்வளவு இழுவை இருக்கிறது, எது எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதற்காகப் பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டுங்கள்: எந்தப் பட்டையை முதலில் வெட்ட வேண்டும், எதை வெட்டும்முன் சரக்கைக் கிரேனில் தாங்கிப் பிடிக்க வேண்டும், மொத்த எடை எவ்வளவு, எடைமையம் எங்கே. படம் போட்டுக் காட்டினால் எந்த நாட்டுக்காரருக்கும் புரியும்.

வெட்டுவதற்குப் பட்டைக்கென்றே உள்ள நீளப்பிடிக் கத்திரிதான். கடப்பாரையால் நெம்பி அறுப்பதும், உளி வைத்துச் சுத்தியால் அடிப்பதும், கிரைண்டரால் அறுப்பதும் கண்ணைக் கொடுத்துவிட்டு வேலையை முடிப்பதற்குச் சமம். வெட்டும் இடத்திலிருந்து பட்டை ஓடும் நேர்கோட்டில் இரண்டு பக்கமும் யாரும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று, கத்திரிக்கு அருகில் ஒரு பக்கப் பட்டையைக் கையுறைக் கையால் அமுக்கிப் பிடித்தபடி வெட்டினால் எகிறுவது குறையும். கம்பிக் கட்டு என்றால் வெட்டியதும் உருளும். இரண்டு பக்கமும் ஆப்பு வைத்த பிறகே வெட்டுங்கள்.

வெட்டிய துண்டைத் தரையில் விடாதீர்கள். ஒருவர் ஒரு முனையை மிதிக்க, மறுமுனை நிமிர்ந்து அடுத்தவர் காலைக் கிழிக்கும். அங்கங்கே மடித்து ஸ்கிராப் டிரம்மில் போடுங்கள். ஒரு முறை இழுத்துக் கட்டிய பட்டையையும் கழற்றிய கிளிப்பையும் மறுபடி சரக்குக்குப் போடக் கூடாது. நீளமாக இருக்கிறதே என்று எடுத்து வைப்பவர்கள் இருப்பதால், டிரம்மில் போடும்முன் இரண்டாக வெட்டிவிடுவது உத்தமம்.